இரவே ஊறட்டும், காலையில் எல்லாரும் உட்காருவோம்



இந்த மாதச் சமையல் பகுதியில் ஒரு காலை உணவைத் தந்திருக்கிறோம். முந்தைய இரவே ரொட்டியை முட்டைப் பாலில் அடுக்கி ஊறவைத்து, விடிந்ததும் ஓவனில் வைத்து எடுக்கும் பாம்பே டோஸ்ட். மூன்று பேருக்குப் போதுமான சின்ன அளவு. இட்லி, பொங்கல், உப்புமா என்று நமக்குச் சொந்தமான பலகாரங்கள் இத்தனை இருக்கும்போது இதற்கு எதற்கு ஆசிரியர் பக்கத்தில் இடம் என்று நீங்கள் கேட்கலாம். ஓவேலியின் காலை நேரத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் எளிதில் விளங்கும்.

நீலகிரிப் பீடபூமியின் மேற்குச் சரிவில், கூடலூரை ஒட்டிக் கிடக்கிறது ஓவேலி. சூண்டி, ஆரோட்டுப்பாறை, எல்லமலை, பெரியசோலை, பார்வுட் என்று ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு குடியிருப்பு. 1840களில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் காட்டு நிலத்தில் ஜேம்ஸ் அவுக்டர்லோனி காப்பி பயிரிட்டார். அவருடைய சகோதரர் ஜான் நீலகிரியை அளந்து வரைபடமாக்கிய ராணுவப் பொறியாளர். அந்தக் குடும்பத்தின் பெயரில் வழங்கிய பள்ளத்தாக்குதான் வாய்வழக்கில் சுருங்கி ஓவேலி ஆனது. காப்பிக்குப் பின் தேயிலை வந்தது. பணியர், குறும்பர் முதலிய பழங்குடிகள் வாழ்ந்த மண்ணில் சமவெளித் தமிழரும் மலையாளிகளும் குடியேறினார்கள். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இலங்கையிலிருந்து இந்தியா வர வேண்டும் என்று முடிவானது. கப்பலேறி வந்து மண்டபம் முகாமில் தங்கி, பிறகு மலையேறியவர்கள் பலர் கூடலூர், பந்தலூர் பக்கம் வேர்பிடித்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இன்று டான்டீ என்று நாம் சொல்வது அதைத்தான்.

இந்த மலையில் காலை என்பது மிகக் குறுகலான நேரம். எட்டு மணி வாக்கில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டும். அதற்குள் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும், பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட வேண்டும், பள்ளிக்கூடப் பேருந்தைத் தவறவிடாமல் அனுப்ப வேண்டும். சீக்கிரமே எழுந்து வெளியே போய் ஒரு வேலையை முடித்துவிடலாம் என்றாலும் முடியாது. இருட்டில் யானை நிற்கிறதா என்று பார்த்துத்தான் கதவையே திறக்க வேண்டும். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மழை வேறு. பக்கத்துத் தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று என்பதை நினைத்துக்கொண்டால், அந்த அடுப்படியில் விறகும் தீப்பெட்டியும்கூட எப்படி நனைந்து கிடக்கும் என்று தெரியும்.

சூண்டியில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவிடம், காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்னது இது: “எல்லாருக்கும் செஞ்சு வெச்சிட்டு ஒரு தேத்தண்ணிய குடிச்சிட்டு ஓடிருவோம் கண்ணு. மலையில பத்து மணிக்குத்தான் வாயில ஏதாச்சும் போடுவோம். உக்காந்து சாப்பிடற காலை ஞாயித்துக்கிழமைதான்.” வருத்தமாகச் சொல்லவில்லை, வழக்கம் இதுதான் என்று சொன்னார். நமக்குத்தான் அது தொண்டையில் நின்றது. வீட்டில் அத்தனை பேருக்கும் சமைத்தவர், வெறும் வயிற்றோடு சரிவில் ஏறுகிறார். ஓவேலியில் மட்டுமா இது? சென்னையில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும் பெண்ணும், திருப்பூரில் பனியன் கம்பெனி வண்டிக்கு நிற்கும் பெண்ணும் இதையேதான் சொல்வார்கள்.

பிள்ளைகளின் காலைப் பசியை அரசு கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் பள்ளியிலேயே சூடாகச் சாப்பிடுகிறார்கள். மலைக் கிராமங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய அண்ணனும் அக்காவும், அவர்களை அனுப்பிவிட்டு ஓடும் அம்மாவும் வீட்டு அடுப்பை நம்பித்தான் இருக்கிறார்கள்.

காலை வேலையை இரவுக்கு மாற்றுவது நமக்குப் புதிதில்லை. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தோம், விடிந்ததும் பழையது தயார். மாலையில் மாவை ஆட்டி வைத்தோம், காலையில் இட்லி. தமிழ்நாட்டின் காலை உணவே பெரும்பாலும் முந்தைய நாள் தொடங்கி வைத்ததுதான். ஆனால் மலையில் இந்தக் கணக்கு அடிக்கடி தப்பிவிடும். மழையும் குளிருமான மாதங்களில் மாவு பொங்குவதில்லை. கம்பளியைச் சுற்றி அடுப்பு மேட்டில் வைத்தாலும் விடியும்போது வைத்தபடியே இருக்கும். நம்பி வைத்த மாவு பொங்காத காலையில் ஒரு அம்மாவுக்கு ஏற்படும் தவிப்பு மலையில் குடித்தனம் செய்தவர்களுக்குத் தெரியும். ரொட்டியை ஊறவைக்கும் இந்தப் பலகாரத்தில் எதுவும் புளிக்க வேண்டியதில்லை. அதனாலேயே இது மலைக்குப் பொருந்துகிறது.

ரொட்டி என்றதும் சமவெளி வீடுகளில் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகும்போது ஒரு பாக்கெட் பிரெட், ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ் என்பதே நம் வழக்கமாக இருந்தது. 1965-ல் மத்திய அரசு தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனம் பாக்கெட் ரொட்டியைச் சிற்றூர்க் கடைகளுக்கும் கொண்டுபோனது. நீலகிரியின் கதை இதற்கு முந்தையது. வெள்ளைக்காரர்களின் பங்களாக்களுக்காக ரொட்டியும் வெண்ணெயும் இங்கே எப்போதோ வந்துவிட்டன. முத்துசாமி முதலியார் 1905-ல் இந்த மலையில் தொடங்கிய பால், வெண்ணெய் வியாபாரம்தான் பின்னாளில் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் நீல்கிரீஸ் என்ற பெரிய கடையாக நின்றது. இங்குள்ள பேக்கரிகளின் மொறுமொறுப்பான ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கோ, பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டி அன்றாடச் சாப்பாடு. பாணும் பருப்பும், பாணும் சம்பலும் உண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். முட்டையில் தோய்த்துப் பொரித்த பாம்பே டோஸ்ட் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே பெயரில்தான் வழங்குகிறது. ஆகவே ஓவேலி வீடுகளுக்கு இது ஏற்கெனவே பழகிய பண்டம். மாற்றியிருப்பது செய்யும் முறையை மட்டும்தான்.

உலகத்தில் ரொட்டி உண்டவர்கள் பலரும் காய்ந்த ரொட்டியை இப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள். அப்பீசியஸ் பெயரில் வழங்கும் பழைய ரோமானியச் சமையல் தொகுப்பில், வெள்ளை ரொட்டியைப் பாலில் நனைத்து எண்ணெயில் பொரித்துத் தேன் ஊற்றும் குறிப்பு இருக்கிறது. ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் தொர்ரிஹா என்று செய்கிறார்கள். பெரும்பாலும் நோக்கம் ஒன்றுதான்: உணவை வீணாக்கக் கூடாது.

காய்ந்த ரொட்டிதான் இதற்கு வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. சுட்ட ரொட்டி ஆறி ஒரு நாள் ஆகும்போது அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகத் தொடங்குகிறது. ரொட்டி விறைக்கிறது. அந்த விறைப்பு இருப்பதால்தான் இரவு முழுவதும் பாலில் கிடந்தாலும் கரையாமல் நிற்கிறது. அன்றைக்கு வாங்கிய மெத்தென்ற ரொட்டி கூழாகிவிடும். ஆகவே கடையில் நேற்றைய ரொட்டிதான் இருக்கிறது என்றால் முகம் சுளிக்காமல் வாங்கி வாருங்கள். பூஞ்சணம் மட்டும் பிடித்திருக்கக் கூடாது. ஒரு துண்டில் புள்ளி தெரிந்தாலும் பாக்கெட் முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.

இனி செய்முறை. ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான, அதாவது 15 முதல் 18 சென்டிமீட்டர் அகலமுள்ள கேக் டின்னோ அலுமினியப் பாத்திரமோ போதும். உள்ளே வெண்ணெய் தடவுங்கள். ஆறு துண்டு ரொட்டியை முக்கோணமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று சற்றுச் சாய்ந்து நிற்கும்படி அடுக்குங்கள். இரண்டு முட்டை, 240 மில்லி காய்ச்சி ஆறிய பால், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காயின் பொடி. இவற்றை நன்றாக அடித்து ரொட்டியின்மேல் பரவலாக ஊற்றுங்கள். கரண்டியின் பின்பக்கத்தால் மெதுவாக அழுத்தினால் மேலே நிற்கும் துண்டுகளும் நனையும். மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போடுவதானால் பாலில் கலக்க வேண்டாம். சில வெல்லத்தில் பால் திரிந்துவிடும். காலையில் பாகாக மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

விடிந்ததும் ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்கி 30 முதல் 35 நிமிடம் வேகவிடுங்கள். கண்ணாடிப் பாத்திரம் என்றால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூட்டில் வைக்காதீர்கள், விரிசல் விடும். நடுவில் கத்தியைச் செருகினால் ஈரம் ஒட்டாமல் வர வேண்டும். மேலே பொன்னிறமாக உப்பி நிற்கும். எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு மூன்றாக வெட்டுங்கள். ஒரு வர்க்கியை நொறுக்கி வெண்ணெயில் பிசறி, வேகவைக்கும் முன் மேலே தூவினால் மொறுமொறுவென்று இருக்கும். கூடலூர்ப் பக்கத்து நேந்திரம்பழம் நன்றாகப் பழுத்ததாக ஒன்று கிடைத்தால் வில்லைகளாக நறுக்கிப் பக்கத்தில் வையுங்கள்.

ஓவன் இல்லாத வீடுதான் இங்கே அதிகம் என்பது தெரியும். அடி கனத்த பெரிய பாத்திரத்தில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடி பத்து நிமிடம் சூடாக்குங்கள். அதற்குள் டின்னை இறக்கி, மூடி, சிறுதீயில் 40 நிமிடம் வைத்தால் அருமையாக வேகும். கேக் செய்ய நம் வீடுகளில் கையாளும் முறைதான். அதுவும் வேண்டாம் என்றால் இட்லிப் பானை இருக்கவே இருக்கிறது. ஆவித்தண்ணீர் சொட்டாமல் தட்டால் மூடி அரை மணி நேரம் அவித்து, துண்டு போட்டுத் தோசைக்கல்லில் நெய்விட்டு இருபுறமும் சிவக்க எடுங்கள். இதில் கொஞ்ச நேரம் அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும், ருசியில் குறை இராது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கச் சொல்கிறேன். மலைக் குளிரை நம்பி முட்டை கலந்த பாலை இரவு முழுவதும் வெளியே வைக்காதீர்கள். ஃபிரிட்ஜின் உள்ளே 4 டிகிரி அளவில் இருக்கும். நமக்கு எவ்வளவு நடுங்கினாலும் ஓவேலியின் மழைக்காலச் சமையலறை அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. 5 டிகிரிக்கு மேல் நோய்க்கிருமிகள் பெருகத் தொடங்கும், பச்சை முட்டையில் அது ஆபத்து. மரம் விழுந்து மின்சாரம் போகும் இரவுகள் இங்கே உண்டு. 1969-ல் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் அதன் பதினேழாம் பிரிவின் கீழ் வரும் நிலங்களின் உரிமைச் சிக்கல் தீராததால், மின் இணைப்புக்கே நெடுங்காலமாகப் போராடும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு வேறு வழி சொல்கிறேன். இரவில் ரொட்டியை வெட்டி, டின்னில் வெண்ணெய் தடவி அடுக்கி மூடி வையுங்கள். சர்க்கரையும் ஏலக்காயும் பொடித்து எடுத்து வையுங்கள். காலையில் முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, 20 நிமிடம் ஊறவிட்டு அடுப்பில் ஏற்றினால் போதும். பழுத்த பழத்தை மட்டும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், தோலை வாசலில் எறியாதீர்கள். அந்த வாசனைக்கு யானை வரும் என்பது ஓவேலிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விருந்துக்கு வரும் சமவெளி உறவினர்களுக்கு நீங்கள் சொல்லிவையுங்கள்.

இனிப்பு பிடிக்காதவர்கள் சர்க்கரையை விட்டுவிட்டு வெங்காயம், பச்சைமிளகாய், மிளகுத்தூள், கறிவேப்பிலை சேர்த்துக் காரமாகச் செய்யலாம். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பல் இருந்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். முட்டை சேர்க்காதவர்கள் ஒரு மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடரைப் பாலில் கரைத்து ஊற்றலாம். முட்டையும் பாலும் சேர்ந்த இந்த அளவில் ஒருவருக்கு ஏறக்குறைய 10 கிராம் புரதம் கிடைக்கும். வெறும் டீயும் பிஸ்கட்டுமாகப் போகும் காலைக்கு அது நல்ல ஆதரவு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கோதுமை ரொட்டியில் காரமாகச் செய்து அளவோடு சாப்பிடுங்கள். மலைத்தேன் ஊற்றிக்கொள்ளும் வீடுகளில், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனைக் கொடுக்கவே கூடாது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தோசையை நினைத்துப் பாருங்கள், பொரிக்கும் பாம்பே டோஸ்ட்டையும் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றாக வார்த்து ஒவ்வொருவர் தட்டிலும் போட வேண்டும். கடைசி ஆள் எழுந்திருக்கும்வரை ஒருவர் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் அம்மாதான். அவருடைய முறை வரும்போது நேரம் போய்விடும். முன்கூட்டி ஊறவைத்து வேகவைக்கும் இந்தப் பலகாரம் ஒரே சமயத்தில் வெந்து, ஒரே சமயத்தில் தட்டுக்கு வருகிறது. வேகும் அரை மணியில் சடை பின்னலாம், சாப்பாடு கட்டலாம். அதன் பிறகு வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்காரலாம். ருசியைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் இரவு வேலையும் அவர் தலையிலேயே விழுந்தால் என்ன பயன்? வேலை குறையாது, நேரம்தான் மாறும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதும், அந்த வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதும் தெரிந்தது. வீட்டு வேலையில் கையே வைக்காத ஆண்கள் அந்தச் சராசரியில் சேரவில்லை. காலையில் உதவ நேரமில்லை என்று ஆண்கள் சொல்வதுண்டு. சரி, இரவு ஒன்பது மணிக்கு எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறோம். ரொட்டியை அடுக்கவும் முட்டையை அடிக்கவும் கைப்பக்குவம் எதுவும் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஒருமுறை காட்டினால் மறுமுறை அவனே செய்துவிடுவான். அப்பாக்களுக்கும் வரும். இரவில் தயாரிக்கும் சமையலின் பெரிய வசதியே, அதைச் செய்ய வீட்டில் ஆள் இருப்பதுதான்.

ஆகவே இந்த மாதம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முந்தைய இரவு, வழக்கமாகச் சமைக்காதவர் ஒருவர் மறுநாள் காலை உணவைத் தயாரித்து வைக்கட்டும். இந்தப் பாம்பே டோஸ்ட்தான் என்றில்லை, உங்கள் வீட்டுக்கு ஏற்ற எதுவானாலும் சரி. இரவே செய்து வைக்கும் காலைப் பலகாரங்கள் உங்கள் ஊரில், உங்கள் பாட்டியின் கைமுறையில் வேறு என்னென்ன இருந்தன என்று எங்களுக்கு எழுதுங்கள். மலையிலிருந்து வரும் கடிதங்களுக்கு முதல் இடம் தருகிறோம். அந்தக் காலையில் சாப்பிட உட்காரும்போது, சமைக்கிறவர் தட்டிலும் பரிமாறியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் நீங்கள் சாப்பிடத் தொடங்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்